கூம்புகளுக்கு நடுவே கியர் போடுவது யார்?

தானியங்கி கியர் உள்ள காரை ஆட்டோகிராஸ் போட்டிக்குக் கொண்டுவருபவரை, கார் விளையாட்டு தெரிந்தவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். பந்தயம் என்றால் கிளட்சை மிதித்து, கையால் கியர் போட்டு ஓட்டுவது; ஆட்டோமேட்டிக் கார் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வர மட்டுமே. இந்த எண்ணம் பலரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை, இவர்கள் தேடும் இடத்தில் இல்லை. தானியங்கி கியர் நேரத்தை இழக்கிறது என்றால், எங்கே இழக்கிறது, எவ்வளவு இழக்கிறது, எதனால் இழக்கிறது என்று பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: கியர் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதற்கு இந்த விளையாட்டில் பங்கு சிறிது, எப்போது மாறவேண்டும் என்று முடிவெடுப்பது யார் என்பதற்கே பங்கு பெரிது. அந்த முடிவை ஓட்டுநர் தன் கைக்கு எடுத்துக்கொள்ள முடிந்தால், கிளட்ச் மிதி இல்லாத கார் இந்தக் களத்துக்குத் தாராளமாகப் பொருந்தும்.

முதலில் களத்தைப் பார்ப்போம். இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் புழுதி பறக்கும் மண் தளம்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது அமெரிக்காவில் வளர்ந்த வடிவத்தைப் பற்றி. 1944இல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்.சி.சி.ஏ. இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. 1973 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. அண்மைக் காலத்தில் அதற்குக் களம் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரின் பழைய விமானத்தளத்துக் கான்கிரீட் பரப்பு. உள்ளூர்ப் போட்டிகள் பெரிய வாகன நிறுத்துமிடங்களில் நடக்கும். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி வளைந்து நெளிந்த ஒரு பாதையை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். எதிரி கடிகாரம் மட்டும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். கூம்பைத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி அபராதம். பாதையைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் வராது. ஒத்திகை ஓட்டம் கிடையாது. போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த போட்டிக்கு வந்தால் பாதை வேறாக இருக்கும். இந்தக் கடைசி இரண்டு விதிகள்தான் கியர்பெட்டி விவகாரத்தைத் தீர்மானிப்பவை என்பதால் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் கார் எவ்வளவு வேகம் போகும்? வளைவில் காரை இழுத்துப் பிடிப்பது டயரின் உராய்வு ஒன்றுதான். சாலையில் ஓட்ட அனுமதியுள்ள நல்ல டயர், காய்ந்த தளத்தில், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஏறக்குறைய சமமான பக்கவாட்டு முடுக்கத்தைத் தாங்கும். வளைவின் ஆரத்தை அந்த முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வளைவின் உச்ச வேகம் கிடைத்துவிடும். 12 மீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவில் அது மணிக்கு 39 கிலோமீட்டர். 20 மீட்டர் என்றால் 50. 40 மீட்டர் என்றால் 71. எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த எண்கள் மாறா. வளைவுகளுக்கு இடையிலுள்ள நேர்ப்பகுதிகளும் குட்டையானவை என்பதால் சாதாரண ஸ்போர்ட்ஸ் கார் மணிக்கு 95, 100 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. நெடுஞ்சாலை வேகத்துக்கு மேல் போகாதபடி பாதையை அமைக்க வேண்டும் என்பதே போட்டி நடத்துவோரின் கொள்கையும்கூட. ஆக, ஒரு சுற்று முழுவதும் வேகம் 40க்கும் 95க்கும் நடுவிலேயே ஊசலாடுகிறது. இப்போது கியரைக் கணக்கில் எடுப்போம். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர், இரண்டாம் கியரில் மொத்தப் பல்விகிதம் 8.5 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும்போது கார் மணிக்கு 94 கிலோமீட்டரில் போகும். அதே கியரில் 40 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஏறத்தாழ 3000 சுற்று. இன்றைய எஞ்சின் எதுவும் தயங்காமல் இழுக்கக்கூடிய எல்லைதான் இது. புறப்படும்போது முதல் கியர். சில மீட்டரில் இரண்டாம் கியர். பிறகு முடிவுக் கோடு வரை அதே இரண்டாம் கியர். பெரும்பாலான கார்களுக்கு ஆட்டோகிராஸ் சுற்று என்பது இவ்வளவுதான். கையால் கியர் போடும் வீரரும் கியர் தண்டைத் தொடுவது ஒரே ஒரு முறை. அந்த ஒரு மாற்றமும் பல இடங்களில் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. கார் நகரத் தொடங்கியதும் கடிகாரம் ஓடாது. சற்றுத் தள்ளி வைத்திருக்கும் ஒளிக்கற்றையைக் கடக்கும்போதுதான் ஓடத் தொடங்கும்.

அப்படியே சுற்றின் நடுவில் ஒரு கியர் மாற்றம் தேவைப்பட்டாலும் அதன் விலை என்ன? பழகிய கை கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, கிளட்சை விட 0.4 விநாடி ஆகிறது என்று கொள்வோம். 0.4 விநாடியும் இழப்பு என்று நினைப்பது தவறு. அந்த நேரத்தில் கார் நின்றுவிடவில்லை. வந்த வேகத்தில் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. இழந்தது முடுக்கத்தை மட்டும். மாற்றம் நடந்தபோது மணிக்கு 50 கிலோமீட்டரில் இருந்த கார், நேர்ப்பகுதியின் முடிவில் 80ஐ எட்டுகிறது என்றால், எட்டில் ஐந்து பங்கு தூரம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. மீதி எட்டில் மூன்று பங்குதான் நட்டம். 0.4இல் எட்டில் மூன்று என்பது 0.15 விநாடி. இரட்டைக் கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பெட்டி இதே வேலையை 0.1 விநாடிக்குள் முடித்துவிடுகிறது. இடையில் இழுவிசை அறுந்து போவதும் இல்லை. எனவே அதன் நட்டம் சுழியத்துக்கு அருகில்.

இந்த 0.15 விநாடி பெரிதா சிறிதா என்பதை அறிய, ஓட்டுநர் இதே பாதையில் வேறு எங்கெல்லாம் நேரத்தைச் சிந்துகிறார் என்று பார்க்க வேண்டும். கூம்புகளை வரிசையாக நட்டு, ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமுமாகக் கடந்து போகச் சொல்லும் ஸ்லாலம் பகுதியை எடுத்துக்கொள்வோம். கூம்புகளின் இடைவெளி 20 மீட்டர், காரின் அகலம் 1.75 மீட்டர். காரின் பாதையை ஒரு சைன் அலையாகப் பாவித்தால், அலையின் உயரம் கூடக்கூட வளைவு இறுகும்; வளைவு இறுக இறுக வேகம் குறையும். கார் ஒவ்வொரு கூம்பையும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உரசினாற்போல் கடந்தால், டயரின் பிடிப்பு மணிக்கு 71 கிலோமீட்டர் வரை அனுமதிக்கிறது. பயந்து 75 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 56 கிலோமீட்டர்தான். 100 மீட்டர் நீளமுள்ள ஸ்லாலத்தை முதலாமவர் 5.1 விநாடியில் கடப்பார், இரண்டாமவருக்கு 6.4 விநாடி ஆகும். கார் பக்கம் மாறிச் சாய்வதற்கும் நேரம் எடுக்கும் என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறையும். பாதியாகக் குறைத்தாலும் 0.65 விநாடி. அதாவது ஒரே ஒரு ஸ்லாலத்தில் 60 சென்டிமீட்டர் கூடுதலாக விலகிப்போனதன் விலை, நான்கு கியர் மாற்றங்களின் விலைக்கு மேல். ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 விநாடி. அது பதின்மூன்று கியர் மாற்றங்களுக்குச் சமம். நேரம் கண்ணிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலும்தான் இருக்கிறது.

அப்படியானால் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது? காரணம் இல்லாமல் வரவில்லை. ‘டி’ நிலையில் போட்டுவிட்டு ஒரு சுற்று ஓடினால் அந்தப் பெயர் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று புரியும். தானியங்கி கியரின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவது காரின் வேகம், எஞ்சினின் சுற்று, ஆக்ஸிலரேட்டர் மிதியின் நிலை போன்றவைதான். எரிபொருள் மிச்சமாகவும் பயணம் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்து அதற்குக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓட்டுநர் நிதானமாகப் போக விரும்புகிறார் என்று பொருள் கொண்டு மேல் கியருக்கு மாறும். ஊருக்குள் ஓட்டும்போது இது சரியான முடிவு. ஆட்டோகிராஸிலோ ஓட்டுநர் காலை எடுப்பது வளைவுக்குள் நுழைவதற்காக. அடுத்த விநாடியே முழு வேகம் கேட்கப்போகிறார். கேட்கும்போது கியர்பெட்டி மூன்றிலோ நான்கிலோ இருக்கும். மிதியின் அழுத்தத்தைப் படித்து, கீழ் கியருக்கு இறங்கி, எஞ்சின் சுற்றைக் கூட்டி, சக்கரத்துக்கு விசை போய்ச்சேர 0.7 விநாடி ஆகிறது என்று வைப்போம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வளைவை விட்டு வெளியேறி 80 வரை போகும் காருக்கு, முன் சொன்ன அதே கணக்குப்படி, 0.35 விநாடி போயிற்று. இப்படி ஐந்து வளைவு இருந்தால் 1.75 விநாடி, கிட்டத்தட்ட ஒரு கூம்பு. இதைவிடக் கெட்டது, வளைவின் நடுவில் நடக்கும் கியர் இறக்கம். டயரின் பிடிப்பு முழுவதும் பக்கவாட்டு விசைக்கே செலவாகிக்கொண்டிருக்கும் கணத்தில், திடீரென்று பின்சக்கரங்களுக்கு முறுக்குவிசை பாய்ந்தால் பிடிப்பு போதாமல் வால் வழுக்கும்.

இதை நன்றாகக் கவனித்தால் ஒன்று புரியும். இங்கே குற்றவாளி இயந்திரத்தின் மந்தகதி அன்று. கியர்பெட்டிக்கு நடந்ததும் நடப்பதும் தெரியும், நடக்கப்போவது தெரியாது. ஓட்டுநரின் கண்ணோ மூன்று கூம்புக்கு அப்பால் இருக்கிறது. கார் நிறுவனங்களுக்கும் இது நெடுங்காலமாகத் தெரிந்த சிக்கல்தான். போர்ஷே 1990ஆம் ஆண்டு மாடல் 911 காரில் கொடுத்த டிப்ட்ரானிக் கியர்பெட்டி, பக்கவாட்டு முடுக்கத்தையும் அளந்து, கார் வளைவில் இருக்கும்போது மேல் கியருக்கு மாறுவதைத் தடுத்தது. ஓட்டும் விதத்தைப் பார்த்துத் தன் கணக்கையே மாற்றிக்கொள்ளவும் செய்தது. ரோல்ஸ் ராய்ஸ் 2013இல் அறிமுகப்படுத்திய ரெய்த் காரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: செயற்கைக்கோள் வழிகாட்டியில் சாலை வரைபடத்தைப் பார்த்து, வரப்போகும் வளைவுக்கு ஏற்ற கியரை முன்கூட்டியே கியர்பெட்டி தேர்ந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் இது அழகான தீர்வு. ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் அன்று காலையில் நட்டு, மாலையில் பிடுங்கிவிடும் கூம்புகள் எந்த வரைபடத்திலும் இல்லை. இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் வேகமும் முன்கணிப்பை நம்பித்தான் இருக்கிறது. அதில் ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிலும் அமைந்திருக்கின்றன. அடுத்துத் தேவைப்படும் என்று கணினி நினைக்கும் கியரை முன்பே கோத்து வைத்திருக்கும். கணிப்பு சரியென்றால் கண் இமைப்பதற்குள் மாற்றம். மேல் கியர் கேட்பார் என்று எண்ணிக் கோத்துவைத்த நேரத்தில் ஓட்டுநர் கீழ் கியர் கேட்டால், கோத்ததை அவிழ்த்து வேறொன்றைக் கோக்க வேண்டும். அந்தப் புகழ்பெற்ற வேகம் அங்கே அடிபட்டுப் போகும். அடுத்து என்ன வரும் என்பது பாதையை நடந்து பார்த்த மனிதருக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை ஆட்டோகிராஸின் இயல்பிலேயே இருக்கிறது.

எனவே தீர்வு, அந்த மனிதரிடம் முடிவை ஒப்படைப்பதுதான். இன்றைய ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியரைக் கையால் தேர்ந்தெடுக்கும் நிலை உண்டு. பழைய கார்களில் ‘2’ என்றோ ‘எல்’ என்றோ எழுதிய இடம் இருக்கும். புறப்பட்டதும் இரண்டாம் கியருக்குப் போய் அங்கேயே பூட்டிவைத்துவிட்டால், மேலே சொன்ன 1.75 விநாடி நட்டம் அப்படியே மறைந்துவிடுகிறது. எல்லாக் கார்களும் இந்தக் கட்டளைக்கு ஒரே மாதிரி பணிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிலவற்றில் கைநிலையில் இருந்தாலும் எஞ்சின் சுற்று சிவப்புக் கோட்டைத் தொட்டதும் தானாக மேல் கியருக்கு ஏறிவிடும். சிலவற்றில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் தானாகக் கீழே இறங்கும். இரண்டாம் கியரின் எல்லை மணிக்கு 94 கிலோமீட்டராக இருந்து, பாதையில் ஓரிடத்தில் 97 வரை போக வாய்ப்பிருந்தால், கையால் கியர் போடும் வீரர் மூன்றுக்கு மாற்றி மீண்டும் இரண்டுக்கு வருவதில்லை. அந்த ஒரு விநாடி எஞ்சினை உச்சத்தில் கத்தவிட்டுக் கடந்துவிடுவார். தானாக ஏறிவிடும் காரில் இந்தத் தெரிவு இல்லை. இப்படிப்பட்ட காரின் ஓட்டுநர் சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்பே மிதியைத் தளர்த்தப் பழக வேண்டும். உங்கள் கார் இதில் எந்த வகை என்பதைப் போட்டிக்கு முன்பே அறிந்துவைத்திருப்பது, விலையுயர்ந்த உதிரிபாகம் எதையும்விடப் பயன்தரும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பந்தய வரலாற்றில் உறுதியான முன்னோடி உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் ஜிம் ஹால் உருவாக்கிய சப்பரால் பந்தயக் கார்கள் 1960களில் டார்க் கன்வெர்ட்டருடன் ஓடின. டார்க் கன்வெர்ட்டர் என்பது எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளைப் போன்றது: ஒன்று சுழன்று தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது, நடுவிலுள்ள மூன்றாவது இறக்கைச் சக்கரம் திரும்பிவரும் எண்ணெயைத் திசைதிருப்பி, புறப்படும் கணத்தில் முறுக்குவிசையை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. கப்பல்களுக்காக ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் கண்டுபிடித்த உத்தி இது. சப்பராலில் எந்தக் கியர் என்பதைத் தேர்ந்தெடுத்தவர் ஓட்டுநரே. கிளட்ச் மட்டும் இல்லை. அந்தக் கார் 1965இல் பழைய விமானத்தளமான செப்ரிங்கில் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது; அதன் வழிவந்த கார் 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றது. வளைவுகள் மலிந்த பந்தயத்தடத்தில் கிடைத்த வெற்றி அது. கிளட்ச் இல்லாததால் சும்மா இருந்த இடது காலுக்கு ஹால் ஒரு புது வேலையே கொடுத்தார். 1966இன் சப்பரால் 2இ காரில் இடது மிதியை அழுத்தினால் தலைக்கு மேலிருந்த பெரிய இறக்கை தட்டையாகி நேர்ப்பாதையில் காற்றுத்தடை குறையும். காலை எடுத்தால் இறக்கை சாய்ந்து காரைத் தரையோடு அழுத்தும். பின்னால் வந்த சப்பரால்களில் கியர்பெட்டி அடிக்கடி உடைந்து தோல்விகளைத் தந்தது என்பதும் உண்மை. ஆனால் உடைந்தது கியர்பெட்டியின் உறுதி. கிளட்ச் இல்லாமல் ஓட்டுவதன் பயன் அதனால் பொய்த்துவிடவில்லை.

ஆட்டோகிராஸ் ஓட்டுநரின் இடது கால் பிரேக்குக்குப் போகலாம். ஒரே வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கார் முடுக்கமும் இன்றித் தடையும் இன்றி வெறுமனே உருளும் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஒரு நிமிடச் சுற்றில் இந்தத் தாவல் பத்துத் தடவைக்கு மேல் நடக்கும். இரண்டு கால்களும் இரண்டு மிதிகளில் தயாராக இருந்தால் அந்த இடைவெளி மறைகிறது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெல்ல மெல்ல விட்டு முன்சக்கரங்களின் மேல் எடையை நிறுத்திவைப்பதும் எளிதாகிறது. இரண்டாம் கியரிலேயே ஓடும் மேனுவல் கார் ஓட்டுநரும் இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம்தான். ஆனால் கிளட்சை ஓங்கி மிதித்தே பழகிய கால் அது, பிரேக்கையும் அப்படியே மிதித்துவிடும். இதில் ஓர் எச்சரிக்கை: இன்றைய கார்கள் பலவற்றில் இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்தினால் பாதுகாப்புக்காக எஞ்சினின் விசையைக் கணினி குறைத்துவிடும். ஒன்றை விட்ட கணத்தில் மற்றொன்று என்ற ஒழுங்கில்தான் இதைப் பழக வேண்டும். பழகும் இடம் பொதுச்சாலையாக இருக்கவே கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவான வாதம் இது: வெல்லும் கார்களைப் பாருங்கள், பல வகுப்புகளில் அவை மேனுவல் கியர் கொண்டவையாகத்தானே இருக்கின்றன? அதற்குக் காரணம் கியர் தண்டுதான் என்று முடிவு கட்டுமுன், அந்தக் கார்களோடு வேறு என்னென்ன சேர்ந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். ஆட்டோகிராஸில் புகழ்பெற்ற மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்ற அதன் நான்காம் தலைமுறையில் ‘கிளப்’ என்ற ஸ்போர்ட்ஸ் வகையை மேனுவலாக வாங்கினால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கூடவே வரும். ஆட்டோமேட்டிக்காக வாங்கினால் வராது. இறுக்கமான வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேலுள்ள எடை குறைந்து அது வீணாகச் சுழலப் பார்க்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் வெளிச்சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே போகும்; லிமிடெட் ஸ்லிப் வகையில் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை போய்ச்சேரும். முழுக்க முழுக்க இறுக்கமான வளைவுகளாலான பாதையில் இதன் பயன் ஒவ்வொரு வளைவின் முடிவிலும் கிடைக்கும். எஸ்.சி.சி.ஏ.யின் ‘ஸ்ட்ரீட்’ வகுப்புகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த இந்த உறுப்புகளை மாற்றவும் அனுமதியில்லை. ஆக, அங்கே தோற்பது பெரும்பாலும் டிஃபரன்ஷியல்; பழி விழுவது கியர்பெட்டியின் மேல். நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும்வரை வெற்றிப் பட்டியலை மட்டும் வைத்து கியர்பெட்டியின் தரத்தைப் பிரித்தறிய முடியாது. நிசான் ஜி.டி-ஆர், 2020ஆம் ஆண்டு மாடல் முதலான கார்வெட் ஆகிய கார்கள் இரட்டைக் கிளட்ச் தானியங்கியாக மட்டுமே விற்பனைக்கு வந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகத்துக்காகவே கட்டப்பட்ட கார்களின் பொறியாளர்கள் மேனுவலைக் கைவிட்டது சோம்பலால் அன்று.

எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் குறைக்க ஆட்டோமேட்டிக்கில் வழியில்லை என்று இன்னொரு வாதம் உண்டு. எஞ்சினின் தடுப்பு முக்கியமாவது மலையிறக்கத்தில்தான். பிரேக் மட்டுமே நான்கு டயர்களையும் பிடிப்பின் எல்லை வரை கொண்டுபோகும் வல்லமை உடையது. எல்லையை எட்டிய டயருக்கு எஞ்சினின் உதவி கூட்டுவது எதையுமில்லை. தானியங்கி கியர்பெட்டிக்கு எடை கூடுதல் என்பது உண்மைதான். சிறிய காரில் சில பத்துக் கிலோ கூடும், அதுவும் முன்பக்கமாகச் சேரும். அதன் விலை சிறிதென்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். தேசிய அளவில் பரிசை நூறில் ஒரு பங்கு விநாடிகள் தீர்மானிக்கும்போது அந்தச் சில கிலோவும் பேசும். அந்த உயரத்தில் போட்டியிடுபவர் காரையே வகுப்புக்கு ஏற்றபடி தேர்ந்து வாங்குபவர். அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டுதலைக் கற்க முடியாது என்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். புதியவருக்கு முதல் சில சுற்றுகளில் கூம்புகளின் காட்டில் பாதை எங்கே போகிறது என்பதே தெரியாது. பார்வையை எட்டத்தில் நிறுத்தவும், பிடிப்பின் எல்லையை உடலால் உணரவும்தான் அவர் கற்க வேண்டும். கவனத்தில் ஒரு பங்கைக் கிளட்ச் எடுத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பாடங்கள் விரைவாக ஏறும்.

தானியங்கி என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு இயந்திரங்கள் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. டார்க் கன்வெர்ட்டர் வகையில் கவனிக்க வேண்டியது வெப்பம். காரை பிரேக்கில் நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் எண்ணெயைச் சூடாக்கவே போகிறது. எஞ்சின் 50 கிலோவாட் தந்துகொண்டிருக்க, மூன்று விநாடி அப்படி நின்றால், 5 கிலோ எண்ணெயின் வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரி உயரும். புறப்படுமுன் இதை ஒரு விநாடிக்கு மேல் செய்யாமலிருப்பதும், சுற்றுகளுக்கு நடுவே இளைப்பாறவிடுவதும், எண்ணெயை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுவதும் நல்லது. சி.வி.டி. வகை, கோட்பாட்டளவில் இந்த விளையாட்டுக்கே பிறந்தது: கியர் படிகளே இல்லாமல் எஞ்சினை எப்போதும் உச்சத் திறனில் வைத்திருக்கக்கூடியது. 1993இல் வில்லியம்ஸ் அணி இதை ஃபார்முலா ஒன் காரில் பொருத்திச் சோதித்தது. பந்தயத்துக்கு வருமுன்பே விதிகள் அதைத் தடைசெய்துவிட்டன. ஆனால் குடும்பக் கார்களில் வரும் சி.வி.டி. பெல்ட்டைக் காப்பாற்றவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் கட்டுப்படுத்தப்பட்டது. கைநிலை இல்லாத சி.வி.டி. காரைப் போட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோ மூலம் பரவிய ஏ.எம்.டி.யில், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் ஓர் இயந்திரக் கை இயக்குகிறது. கியர் மாறும்போது இழுவிசை தெளிவாக அறுந்து காரே தலையசைக்கும். ‘டி’ நிலையில் இதைவிட மோசமான தோழன் கிடையாது. ஆனால் அதன் கைநிலையில் இரண்டாம் கியரில் நிறுத்தி ஓட்டும்போது மாற்றமே நடப்பதில்லை. அப்போது அதற்கும் மேனுவலுக்கும் வித்தியாசம் சொற்பம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் கியர் மாற்றம் என்ற ஒன்றே இல்லை.

ஆகவே, உங்களிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் கார் என்ற ஒரே காரணத்தால் ஆட்டோகிராஸைத் தள்ளிப்போடாதீர்கள். கைநிலை இருக்கிறதா, சிவப்புக் கோட்டில் அது என்ன செய்கிறது, இரண்டாம் கியரில் எந்த வேகம் வரை போகிறது என்ற மூன்றையும் மூடிய மைதானத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் பாதையை இன்னும் ஒருமுறை கூடுதலாக நடந்து பாருங்கள். இரண்டாம் கியரில் பூட்டிவிட்டுக் கியரை மறந்துவிடுங்கள். அடுத்த கூம்புக்கு எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.